வரைபொறியும் உயிர்மெய்யும்

எழுதும் கருவி மாறுந்தோறும் எழுத்தின் வடிவமும் மாறி வந்துள்ளது என்பது தமிழாசிரியர் யாவரும் அறிந்த செய்தி. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. ஓலையில் எழுத்தாணி ஓடிய காலத்தில் அப்புள்ளி பெரும்பாலும் விடப்பட்டமையால் குறிலும் நெடிலும் வடிவால் மயங்கின. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அம்மயக்கத்தை நீக்கினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய பின், அச்சுக்கு ஏற்ற வடிவங்கள் படிப்படியாக வளர்ந்தன. 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆகார, ஐகார உயிர்மெய்களுள் சிலவற்றின் பழைய வடிவங்களைச் சீர்திருத்தி ஆணையிட்டது. ஓலை, அச்சு, தட்டச்சு என்னும் கருவி ஒவ்வொன்றும் தமிழிடம் ஒரு விலை கேட்டது. தமிழும் சில வேளைகளில் கொடுத்தது, சில வேளைகளில் மறுத்தது.

இன்று அக்கருவி கணினித் திரை. அதிலும் பிள்ளைகள் மனமொன்றி நோக்குவது விளையாட்டுத் திரை. அத்திரையில் படத்தையும் எழுத்தையும் வரைந்து காட்டும் பொறியை யார் ஆக்கினர்? எந்த உரிமத்தின் பேரில் பிறர் அதனைக் கையாளுகின்றனர்? அப்பொறிக்குத் தமிழ் எழுதத் தெரியுமா? இவை பொறியாளர்க்கு உரிய வினாக்கள், தமிழாசிரியர்க்கு இங்கு வேலையில்லை என்பாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. எழுத்தைப் பிழையாகக் காட்டும் ஏடு எதுவாயினும் அதனைத் திருத்துதல் ஆசிரியர் தொழிலே.

வரைபொறி என்பது யாது?

விளையாட்டில் தோன்றும் மலை, மரம், மனிதன், மதில் ஆகிய யாவும் பெரும்பாலும் கணினியினுள் சிறு சிறு முக்கோணங்களின் தொகுதியாகவே வைக்கப்பட்டுள்ளன. பார்ப்பவன் நிற்கும் இடத்திலிருந்து அம்முக்கோணங்கள் எவ்வாறு தோன்றும் என்று கணக்கிடல் வேண்டும். எது முன்னே நிற்பது, எது மறைக்கப்படுவது என்று துணிதல் வேண்டும். ஒளி எப்பக்கம் விழுகிறது, நிழல் எங்கே படிகிறது என்று காணல் வேண்டும். இறுதியில் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறத்தைத் தருதல் வேண்டும். இன்று பரவலாக வழங்கும் திரை ஒன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படங்கள் காட்ட வேண்டுமாயின் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் அறுபதில் ஒரு பங்கே. இவ்வேலையைச் செய்யும் நிரல் தொகுதியை அத்துறையார் எஞ்சின் என்பர். ஈண்டு அது வரைபொறி எனப்படும்.

இத்தகைய பொறியைத் தனியே ஆக்கி, பிறர்க்கு உரிமம் தரும் வழக்கத்தை நிலைநிறுத்தியோருள் முதன்மையானோர் அமெரிக்காவின் ஐடி சாப்ட்வேர் நிறுவனத்தார். அவர்களது 'டூம்' 1993 டிசம்பரில் வெளிவந்தது. அக்காலத்து வீட்டுக் கணினியில் படம் வரைதற்கெனத் தனிப்பட்ட முப்பரிமாணச் சில்லு இல்லை; திரையில் 64,000 புள்ளிகளே இருந்தன. பொறியை எழுதிய ஜான் கார்மாக், மதில்களை எல்லாம் கிளைவிட்ட மரம் போல முன்கூட்டியே பகுத்து வைத்தார். நிற்கும் இடம் தெரிந்தால் எம்மதில் முன், எம்மதில் பின் என்பதை அம்மரமே சொல்லிவிடும். இம்முறையின் வித்து 1980இல் புக்ஸ், கெடெம், நெய்லர் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்விலேயே உண்டு. ஆய்வேட்டில் உறங்கிய கருத்தைப் பல்லோர் கையில் சேர்த்தது விளையாட்டு.

அடுத்த ஆண்டே ரேவன் நிறுவனத்தார் இப்பொறியை உரிமம் பெற்று 'ஹெரெடிக்' என்னும் விளையாட்டை ஆக்கினர். 1996இல் வந்த 'குவேக்' பொறியை உரிமம் பெற்றுத் திருத்தியே வால்வ் நிறுவனம் 1998இல் 'ஹாப்-லைப்' வெளியிட்டது. கதையை விற்றதோடு அமையாது, கதை எழுதிய எழுதுகோலையும் வாடகைக்கு விடும் தொழில் அன்று வேரூன்றியது. பின்னர் 1997இல் டூமின் மூல நிரலும் 1999இல் குவேக்கின் மூல நிரலும் பொதுவில் வைக்கப்பட்டன. வருவாய் ஈட்டி முடிந்த பொறியைக் கற்பார்க்கு ஏடாக விட்டுச் சென்ற இச்செயல் பாராட்டுக்குரியது.

ஆக்குவதா, வாங்குவதா?

கிந்தாப் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு இவ்வினா புதியதன்று. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் ஐந்தாம் எண் மிதவைக் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை ஈயம் வாரியது. அத்தகைய கப்பலைக் கட்டும் செல்வம் பெரிய கம்பெனிகளுக்கே இருந்தது. சிறு முதலாளிகள் பம்பும் குழாயும் மரத்தாலான நெடும் பாலோங்கும் கொண்டு தத்தம் நிலத்தைக் கழுவினர். விளையாட்டுத் துறையிலும் தனக்கென ஒரு வரைபொறி கட்டுவது மிதவைக் கப்பல் கட்டுவது போன்றதே.

ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் 'லூமினஸ்' என்னும் சொந்தப் பொறியைக் கட்டியது. 2016இல் வந்த 'பைனல் பேன்டசி 15' அதில் ஆக்கப்பட்டது. ஆயினும் அதே நிறுவனம் 'கிங்டம் ஹார்ட்ஸ் 3' என்னும் விளையாட்டை லூமினஸில் தொடங்கிப் பின்னர் எபிக் நிறுவனத்தின் 'அன்ரியல்' பொறிக்கு மாற்றிக்கொண்டது. 2023 ஜனவரியில் லூமினஸில் 'போர்ஸ்போக்கன்' வெளிவந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் லூமினஸ் பெயர்கொண்ட துணை நிறுவனமே தாய் நிறுவனத்தில் கரைந்தது. போலந்தின் சிடி புராஜெக்ட் நிறுவனமும் தன் சொந்தப் பொறியில் 'விட்சர்' வரிசையின் 2 பெரிய ஆக்கங்களையும் 'சைபர்பங்க் 2077'ஐயும் ஆக்கிய பின், புதிய 'விட்சர்' அன்ரியலிலேயே அமையும் என்று 2022 மார்ச்சில் அறிவித்தது. பெருஞ்செல்வர்க்கே சொந்தப் பொறி சுமையாயிற்று எனின், சிறு குழுவினர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

மலேசியாவிலிருந்தே ஒரு சான்று உண்டு. பைனல் பேன்டசி 15 ஆக்கத்தில் முதன்மை வடிவமைப்பாளருள் ஒருவராயிருந்த வான் ஹஸ்மர், தாயகம் திரும்பி 2017இல் கோலாலம்பூரில் மெட்ரோனோமிக் நிறுவனத்தை நிறுவினார். 2020இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் 'நோ ஸ்டிரெயிட் ரோட்ஸ்' அன்ரியல் பொறியில் ஆக்கப்பட்டது. சொந்தப் பொறியின் சிறப்பையும் செலவையும் அருகிருந்து கண்டவர், தம் சிறு குழுவுக்கு உரிமப் பொறியையே தேர்ந்தார். இது தன்மானக் குறைவாகாது; கணக்கறிந்த செயல்.

எனினும் உரிமம் என்பது குத்தகை. குத்தகையின் விதியை எழுதுபவர் நிலவுடைமையாளர். அன்ரியல் பொறிக்கு எபிக் நிறுவனம் விளையாட்டின் வருவாயில் 5 விழுக்காட்டைப் பங்காகக் கேட்கிறது. 2020 முதல் ஒரு விளையாட்டு ஈட்டும் முதல் 10 இலட்சம் டாலருக்கு அப்பங்கு இல்லை. 2014 முதல் அதன் மூல நிரலையும் உரிமம் பெற்றார் பார்க்கலாம், திருத்தலாம். இது கடுமையான விதியாயினும் தெளிவான விதி.

யூனிட்டி நிறுவனத்தார் செய்தது வேறு. சிறு குழுவினர்க்கும் எட்டும் விலையில் பொறியைத் தந்து, உலகெங்கும் புதிய ஆக்குநர் எண்ணிறந்தோரை உருவாக்கிய பெருமை அவர்க்கு உண்டு. அப்பெருமையை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் 2023 செப்டம்பர் 12ஆம் நாள், விளையாட்டு ஒவ்வொரு முறை ஒரு கருவியில் நிறுவப்படும்போதும் கட்டணம் உண்டு என்று அறிவித்தனர். குறிப்பிட்ட வருவாயும் எண்ணிக்கையும் கடந்தால், சிறு உரிமத்தார் நிறுவல் ஒன்றுக்கு 20 சென்ட் வரை தர வேண்டும் என்பது அவ்விதி. முன்னரே வெளிவந்த விளையாட்டுகளும் அதற்குட்பட்டன. எதிர்ப்பு எழவே சில நாளில் விதி தளர்ந்தது. அடுத்த மாதமே தலைமை நிர்வாகி விலகினார். 2024 செப்டம்பர் 12ஆம் நாள் அக்கட்டணம் முற்றாகக் கைவிடப்பட்டது. கட்டணம் போயிற்று, அது தந்த பாடம் போகவில்லை. தோட்டத்து லயத்தில் இரண்டு தலைமுறை வாழ்ந்தவர்க்கு அப்பாடம் எளிதில் விளங்கும். வீட்டைப் பெருக்கலாம், சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாம், வாசலில் துளசி வைக்கலாம். தோட்டம் கைமாறினால் வீடு எவருடையது என்பது அன்று தெரியும்.

உயிர்மெய் படும் பாடு

இதுகாறும் கூறியது எம்மொழியார்க்கும் பொது. தமிழுக்கெனத் தனியே எழும் இடர் எழுத்தில் தொடங்குகிறது.

ஒருங்குறி என்னும் உலகக் குறியீட்டு முறையில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றுள்ளது. அதில் 'கெ' என்னும் எழுத்து, முதலில் ககரம், பின்னர் எகரக் குறி என்னும் வரிசையில் வைக்கப்படுகிறது. இவ்வரிசை தமிழ் இலக்கணத்துக்கு முற்றும் உடன்பாடானது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்பது இலக்கணம் கற்ற மாணவன் அறிந்ததே. ஆனால் எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்கிறது. ஒலியின் வரிசை ஒன்று. கண்ணின் வரிசை மற்றொன்று. 'கொ' என்பதில் இவ்வேற்றுமை மேலும் மிகும். குறியீட்டில் அது இரண்டே உறுப்பு. வரையும்போது கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவம், அவற்றுள் ஒரே குறியின் இரு பாதிகள் எழுத்தின் இருபுறமும் நிற்கும். 'கு', 'கூ', 'டி' போன்றவை இரு வடிவங்களை அருகருகே வைப்பதால் அமையா; இரண்டும் இணைந்து ஒரு புது வடிவாக வேண்டும்.

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் இதனைத் தம் கையால் தீர்த்தார். முதலில் கொம்பை எடுத்து வைத்தார், பின் ககரத்தை வைத்தார். தட்டச்சரும் அவ்வாறே கொம்பை முதலில் தட்டினார். ஒலிவரிசையைக் கண்வரிசையாக மாற்றும் அறிவு மனிதர் மூளையில் இருந்தது. பொறிக்கு அது வேண்டியிருக்கவில்லை. கணினியில் அம்மனிதர் இல்லை. அவர் செய்த வேலையைச் செய்யத் தனி நிரல் ஒன்று வேண்டும். பக்கம் எழுதும் கணினிகளில் அந்நிரல் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் 2000 வந்தபோதே தமிழை ஒழுங்காகக் காட்டும் ஏற்பாடும் 'லதா' என்னும் எழுத்துருவும் அதனுடன் வந்தன. விளையாட்டுப் பொறிகளோ வேறு வழியில் வளர்ந்தன.

விளையாட்டுப் பொறி விரைவையே உயிராகக் கொண்டது. ஆகவே எழுத்துகளை எல்லாம் ஒரு பெரிய படத்தாளில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்துக்கொண்டு, குறியீடு வந்ததும் அதற்குரிய கட்டத்தை வெட்டி ஒட்டும். ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம், இடமிருந்து வலம் என்பதே விதி. ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழ் இவ்விதியில் சிக்கினால் நேர்வது யாது? 'பெயர்' என்று எழுதினால் திரையில் 'பயெர்' என்று தோன்றும். 'மேகம்' 'மகேம்' ஆகும். 'செயல்' 'சயெல்' ஆகும். உகரக் குறி ககரத்தை விட்டு விலகித் தனியே தொங்கும். புள்ளி எழுத்தின் தலையில் நில்லாது அயலில் விழும். யூனிட்டியில் பல்லாண்டு பெருவழக்காயிருந்த 'டெக்ஸ்ட்மெஷ் புரோ' என்னும் எழுத்து வரைவு உறுப்பு, இவ்வரிசை மாற்றத்தைத் தானே செய்வதில்லை. தமிழில் விளையாட்டு ஆக்க முனைந்த எவரும் முதல் நாளிலேயே முட்டிக்கொள்ளும் சுவர் இது.

வரிசை சரியான பின்னும் இடர் தீராது. உரையாடலை ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் தோன்றச் செய்வது விளையாட்டுகளில் வழக்கம். பொறி குறியீட்டை எண்ணுமேயன்றி எழுத்தை எண்ணாது. ஆகவே 'கொடி' என்பதில் முதலில் ககரம் தோன்றி, மறுகணம் அது 'கொ' என உருமாறிப் பிள்ளையின் கண்ணைக் குழப்பும். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்று முதல் வகுப்பு மாணவன் சொல்வான். பொறி ஐந்து என்று சொல்லும். சொற்புதிர் விளையாட்டில் மூன்று கட்டத்துக்கு மாறாக ஐந்து கட்டம் வந்து நிற்பின் அவ்விளையாட்டு எழுத்திலக்கணத்துக்கே மாறாகக் கற்பிக்கிறது என்க. பிழையான பாடநூல் ஒன்று வகுப்புக்கு வந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்புவர். இப்பிழை வகுப்புக்கு வராமலே பிள்ளையின் கைப்பேசியை அடைகிறது.

சொல்லப்படும் தீர்வுகள்

இவ்விடருக்குத் தமிழர் பலவாறு தீர்வு கூறுவர். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.

சொற்களை எல்லாம் படமாக வரைந்து ஒட்டிவிடலாம் என்பது ஒன்று. தலைப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் இது பொருந்தலாம். நீண்ட உரையாடலுக்குப் பொருந்தாது. ஒரு பிழை திருத்த ஒரு படம் புதிதாக வரைய வேண்டும்; பார்வையற்றார்க்கு வாசித்துக் காட்டும் கருவி படத்தை வாசியாது.

ஒருங்குறிக்கு முந்திய பழைய எழுத்துருக்களைக் கையாண்டு, கொம்பை முன்னே வைத்துத் தட்டலாம் என்பது மற்றொன்று. திரையில் எழுத்து அழகாகவே தோன்றும். உள்ளே இருப்பது தமிழன்று. தேடினால் கிடையாது, வேறு எழுத்துருவில் இட்டால் ஆங்கிலக் குப்பையாகும். புறத்தே தமிழ், அகத்தே வேறு என்னும் இந்நிலை நெடுநாள் நில்லாது.

எழுத்துக்கு ஓர் இடம் என 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு தரலாம் என்பது மூன்றாவது. இக்கருத்தில் உருவானதே தமிழ் அனைத்து எழுத்துக் குறியீடு. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு இதனையும் ஏற்றது. இதில் ஒரு நன்மை உண்டு: கட்டம் வெட்டி ஒட்டும் எளிய பொறியும் இம்முறையில் தமிழைப் பிழையின்றிக் காட்டும், எழுத்தெண்ணிக்கையும் இலக்கணத்தோடு ஒக்கும். ஆனால் இக்குறியீடு உலகத் தரத்தில் தமிழுக்கென ஒதுக்கிய இடத்தில் அமையாது, எவரும் தத்தம் வசதிக்குக் கையாளும் தனியிடத்தில் அமைந்துள்ளது. கைப்பேசியும் தேடுபொறியும் ஒருங்குறித் தமிழையே பேசுகின்றன. ஆகவே ஒரு விளையாட்டினுள்ளே மறைவாகக் கையாளலாமேயன்றி, வெளியுலகோடு பேச இது உதவாது.

தமிழர்க்கென ஒரு தனி வரைபொறியே கட்டவேண்டும் என்பது நான்காவது. மேடையில் இதற்குக் கைதட்டல் மிகுதி. மேலே கூறிய ஜப்பானிய, போலந்துச் சான்றுகள் இதற்கு விடையாகும். ஒளியும் நிழலும் முக்கோணமும் மொழியறியா. அவற்றைத் தமிழில் ஒருமுறை மீண்டும் எழுதுவதால் தமிழ் ஓர் அங்குலமும் வளராது. தமிழ் தேவைப்படும் இடம் பொறியின் ஒரு மூலையில் உள்ள எழுத்துக்கோப்பு உறுப்பு மட்டுமே. அவ்வுறுப்பைச் செம்மையாக ஆக்குவதும் அது எல்லாப் பொறியிலும் புகுமாறு உரிமம் அமைப்பதுமே தமிழர் கவலையாதல் வேண்டும். இக்கட்டுரையின் துணிபு இதுவே.

இரு முன்மாதிரிகள்

இத்துணிபு வெறும் விருப்பமன்று என்பதற்கு இரண்டு சான்றுகள் உள.

முதலாவது 'ஹார்ப்பஸ்' என்னும் எழுத்துக்கோப்பு நிரல். இதன் முதன்மை ஆக்குநர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்பஹ்போத். பெயர் பாரசீகச் சொற்களால் ஆயது. 'ஹர்ப்' எழுத்து, 'பாஸ்' திறந்தது. இணைந்தும் வளைந்தும் வரும் அரபு வடிவங்களைத் தாய்மொழி எழுத்தாகக் கொண்ட ஒருவர் கையில் இது வளர்ந்தமை எண்ணத்தக்கது. இடர் அறிந்தவரே தீர்வு அறிவார். தமிழின் கொம்பை முன்னே நகர்த்துவதும் ஒகரத்தை இரண்டாகப் பிளப்பதும், எழுத்துருவில் எழுதிய விதிப்படி 'கு', 'டி' போன்றவற்றை இணைப்பதும் இந்நிரலுக்குத் தெரியும். குறிப்பை மட்டும் நீக்காது வைத்துக்கொண்டு எவரும் எதிலும், விற்பனைப் பொருளிலும், இதனைச் சேர்க்கலாம் என்பது உரிமம். அதனால் பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றிலும் அன்ரியல் பொறியிலும் இது புகுந்தது. அர்ஜென்டினாவின் ஹுவான் லினியெட்ஸ்கி, ஆரியல் மன்சூர் இருவரும் தொடங்கி, 2014இல் எவர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிட்ட 'கோடோ' பொறியும் 2023 மார்ச்சில் வந்த அதன் நான்காம் பதிப்பில் இதனை ஏற்றது. யூனிட்டியும் பிற்காலத்தில் தன் புதிய எழுத்து வரைவு உறுப்பை இதன்மீதே அமைத்தது. ஓரிடத்தில் ஒருமுறை செம்மையாகச் செய்தது, நூறு பொறிகளில் தமிழைத் திருத்தியது.

இரண்டாவது சான்று மலேசியத் தமிழருடையது. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய 'முரசு' மென்பொருள் பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்தது. அவர் ஆக்கிய 'இணைமதி' எழுத்துருவை ஆப்பிள் நிறுவனம் உரிமம் பெற்றுத் தன் மேக் கணினிகளில் சேர்த்தது. அத்துடன் நின்றதா? மேக் கணினியில் தமிழ், மலையாளம், கன்னடம், சிங்களம், கெமர், லாவோ முதலிய பல எழுத்துருக்களின் பெயரில் 'எம்.என்.' என்னும் ஈரெழுத்து நிற்கிறது. அவை அவர் பெயரின் முதலெழுத்துகள். மலேசியத் தமிழர் ஒருவர் ஆக்கிய வடிவில் சிங்களவரும் கெமர் மக்களும் தம் மொழியைப் படிக்கின்றனர். அவர் கணினியைக் கட்டவில்லை, இயங்குதளத்தைக் கட்டவில்லை. எழுத்து என்னும் உறுப்பைப் பிறர் மறுக்கவியலாத் தரத்தில் ஆக்கி உரிமம் தந்தார்.

இரண்டனுள் எது சிறந்தது என்னும் வினா எழும். இலவசமாகத் தருதலே அறம், விலைக்குத் தருதல் வாணிகம் என்று பிரித்துக் கூறுவார் கூற்றில் முழு உண்மை இல்லை. எழுத்துரு ஒன்றை ஆக்க ஆண்டுகள் செல்லும். அதனைப் பேணப் பின்னும் ஆண்டுகள் செல்லும். ஆக்கியோன் உண்ண வேண்டும். விலை உரிமம் அவனைக் காத்தது. திறந்த உரிமமோ வறிய ஆக்குநன் வாயிலையும் சென்று தட்டியது. கோப்பு நிரல் போன்று யாவர்க்கும் அடித்தளமாவதைத் திறந்தும், அழகும் உழைப்பும் மிக்க எழுத்துருக்களுள் சிலவற்றை விலைக்கும் வைத்தல் இரு நன்மையும் பயக்கும். விலக்க வேண்டியது ஒன்றே: உள்ளே பார்க்கவும் திருத்தவும் இடந்தராது, விதியை மட்டும் விரும்பியபோது மாற்றும் உரிமம்.

ஆசிரியர் செய்யத்தக்கன

2023 ஜூலையில் வெளிவந்த 'வெண்பா' என்னும் விளையாட்டைத் தமிழாசிரியர் அறிந்திருத்தல் நன்று. கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் குழுவினர் ஆக்கியது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தன் தாயின் சிதைந்த சமையல் ஏட்டைக் கொண்டு வெண்பா உணவு ஆக்குகிறாள். விடுபட்டதை ஆடுவோர் உய்த்துணர வேண்டும். 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் முதல்முயற்சிக்கான விளையாட்டு விருதை அது பெற்றது. சிதைந்த எழுத்தைச் செப்பம் செய்து பொருள் காண்பதே அவ்விளையாட்டின் உயிர். ஏடு பதிப்பித்தோர் மரபில் வந்தவர்க்கு இதனினும் நெருங்கிய விளையாட்டு யாது? தமிழ் வாழ்வுக்கு இவ்வடிவில் இடம் உண்டு என்பதை உலகம் ஏற்றுவிட்டது. இனி வருவன தமிழ் எழுத்தோடு வருதல் வேண்டும். அவ்வெழுத்து பிழையின்றி நிற்றல் வேண்டும்.

ஈப்போ, தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் கணினி கற்பிப்போர், கற்பதற்கு வாங்கும் அல்லது மாணவர் ஆக்கும் எவ்விளையாட்டுக்கும் ஓர் எளிய சோதனை வைக்கலாம். 'பெயர்', 'மேகம்', 'கொடி', 'பௌர்ணமி', 'கூடு', 'விடு' என்னும் ஆறு சொற்களைத் திரையில் இடுக. முதலிரண்டும் கொம்பின் இடத்தைச் சோதிக்கும்; அடுத்த இரண்டும் பிளவுபட்ட குறியைச் சோதிக்கும்; இறுதி இரண்டும் இணைந்த வடிவத்தைச் சோதிக்கும். 'பெயர்', 'பௌர்ணமி' இரண்டும் புள்ளியையும் காட்டிக்கொடுக்கும். பின்னர் 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று பொறியையே கேட்க. மூன்று என்று சொல்லாத பொறி தமிழ் கற்பிக்கத் தகுதி பெறவில்லை. இச்சோதனைக்குப் பொறியியற் பட்டம் வேண்டா; தமிழாசிரியர் கண் போதும். பிழை கண்டால் ஆக்குநர்க்கு எழுதுக. 'தமிழ் கடினமான எழுத்து, என்ன செய்வது' என்று அவர் விடை தந்தால் அதனை ஏற்க வேண்டா. கட்டணமின்றிக் கிடைக்கும் கோப்பு நிரல் இருக்கும்போது கடினம் என்பது சாக்கு.

மாணவர்க்குப் பொறி தேர்ந்து கொடுக்குமிடத்து, உரிமத்தைப் படித்துப் பார்த்தலும் ஆசிரியர் கடமை. கோடோ போன்ற பொறியில் பழகும் மாணவன் எழுத்து தவறினால் எங்கே தவறியது என்று உள்ளே நுழைந்து காணலாம். திருத்தி அனுப்பினால் உலகமே அத்திருத்தத்தைக் கையாளும். பயன்படுத்துவோன் ஆக்குவோனாக வளரும் வழி அது.

1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, ஒவ்வொரு தொழிலாளியும் தனக்கென ஒரு தோட்டம் வாங்க முடியாது என்பது கண்கூடு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்ட மக்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. தனி உடைமை எட்டாக்கனி, குத்தகையோ நிலையாமை என்ற இடத்தில் கூட்டுடைமை வழி காட்டியது. வரைபொறித் துறையில் திறந்த உரிமம் என்பது ஏறத்தாழ அத்தகைய கூட்டுறவே. அதில் தமிழர் செலுத்த வேண்டிய சந்தா பணமன்று, எழுத்தறிவு. பிழை காணும் கண்ணும், இலக்கணம் அறிந்த விளக்கமும், திருத்தி எழுதும் சில இளைஞரும் போதும். அச்சந்தாவை முதலில் செலுத்தத் தக்கவர் தமிழாசிரியரே.